தேடிய தேட்டம்

எங்கள் அண்ணன் ஒருநாள் தன் வீட்டைக் காப்பாற்றித் தரும்படி எங்களிடம் கேட்டார். கடன்காரர்களிடமிருந்து அல்ல, அண்ணியிடமிருந்து.

நாங்கள் இருவர், அக்காவும் தங்கையும். இதை ஒருவர் மட்டும் எழுதினால் மற்றவர் தப்பித்துக்கொண்டதாக ஆகிவிடும். அண்ணன் கேட்டபோது ஏறத்தாழ ஒரு மாத காலம் 'சரி' என்ற மனநிலையில்தான் இருவருமே இருந்தோம். ஆகவே சேர்ந்தே எழுதுகிறோம்.

வீடு சேர்வராயன் மலையில், மாரமங்கலத்தில் இருக்கிறது. சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு இருபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறி, அங்கிருந்து மறுபடியும் மலைச் சாலையில் போகவேண்டும். சுற்றுலா வருபவர்கள் ஏரியையும் லேடீஸ் சீட்டையும் பார்த்துவிட்டு இறங்கிவிடுவதால் அந்தப் பக்கம் கூட்டம் குறைவு. ஓடு வேய்ந்த வீடு, முன்னால் காப்பிப் பழம் காயவைக்கும் சிமெண்டுக் களம், பின்னால் சரிவாக இறங்கும் ஒரு ஏக்கர் நிலம். சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி ஏறியிருக்கும். அவற்றின் நிழலில் காப்பிச் செடிகள். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இந்த மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்தார் என்பார்கள். அந்தப் பயிரின் ஒரு சிறு துண்டு எங்கள் குடும்பத்துக்கு வந்து சேர்ந்தது 2007-இல்.

எப்படி வந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும். எங்கள் அப்பா செவ்வாய்ப்பேட்டையில் தன் சம்பாத்தியத்தில் கட்டிய வீடு ஒன்று இருந்தது. 2004-இல் உயில் எதுவும் எழுதாமல் அவர் மறைந்தார். அம்மா அதற்கு முன்பே போய்விட்டிருந்தார். 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அந்த வீட்டில் மூவருக்கும் சமபங்கு. நாங்கள் இருவரும் சார்பதிவாளர் முன் போய் நின்று விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தோம். யாரும் கட்டாயப்படுத்தவில்லை. ஆளுக்கொரு பட்டுப் புடவை கிடைத்தது. தங்கைகள் அண்ணனிடம் பங்கு கேட்பதா என்று சொந்தங்கள் மெச்சிக்கொண்டன. அந்த மெச்சுதல் எங்களுக்கும் பிடித்திருந்தது என்பதை மறைப்பதற்கில்லை.

அண்ணன் அந்த வீட்டை விற்று மலையில் வாங்கினார். பணம் பற்றாக்குறை. அண்ணி தன் தாய் வீட்டில் போட்ட நகையில் இருபத்திரண்டு பவுனைக் கழற்றிக் கொடுத்தார். கிரயப் பத்திரம் அண்ணன் பெயரில் பதிவாயிற்று. அன்று மாலை ஏற்காட்டில் ஒரு ஓட்டலில் எல்லோரும் சேர்ந்து சாப்பிட்டோம். பத்திரத்தில் ஒரே ஒரு பெயர் இருந்ததை யாரும் கவனிக்கவில்லை. கவனித்திருந்தாலும் அது தவறென்று தோன்றியிராது.

*

அடுத்த பதினைந்து ஆண்டுகளில் அந்த மலைச்சரிவை நடத்தியது அண்ணிதான். அண்ணன் சேலத்தில் வியாபாரம் பார்த்துக்கொண்டு வாரம் இரண்டு நாள் மேலே போவார். கார்த்திகை தொடங்கிப் பழம் பறிப்பு, பழத்தைக் களத்தில் பரப்புவது, பனி இறங்குவதற்குள் குவித்து மூடுவது, மிளகு உதிர்ப்பது, கோடை மழை பெய்து காப்பி பூத்ததும் ஆட்களைத் தேடுவது என்று அவருடைய ஆண்டு ஓடியது. கூலி கொடுத்த கணக்கை அவர் பள்ளிக்கூட நோட்டுகளில் எழுதி வைத்திருந்தார். அந்த நோட்டுகளில் எல்லோருக்கும் கூலி எழுதப்பட்டிருக்கிறது, ஒருவரைத் தவிர.

2022-இல் அவர்களுக்கிடையே முறிந்தது. ஏன் முறிந்தது என்பதை இங்கே எழுதப் போவதில்லை. அதில் எங்களுக்குத் தெரிந்தது பாதி. தெரிந்த பாதியையும் எழுதும் உரிமை எங்களுக்கு இல்லை. விவாகரத்து என்ற சொல் வந்தவுடனேயே வீடு என்ற சொல்லும் வந்துவிட்டது. அண்ணன் எங்களைச் சேலத்துக்கு வரச் சொன்னார்.

"உங்க ரெண்டு பேர் பேருக்கும் தான செட்டில்மெண்ட் எழுதி வச்சுடறேன் பாப்பா. அதுல உங்க பங்கும்தானே இருக்கு? அவ கைக்குப் போறதுக்கு உங்ககிட்டயே இருக்கட்டும்."

பதினாறு ஆண்டுகளில் முதல்முறையாக 'உங்க பங்கு' என்று அவர் சொன்னார். அது காதில் விழுந்ததும் எங்களுக்குள் என்ன நடந்தது என்பதைச் சொல்வது கூச்சமாகத்தான் இருக்கிறது. நியாயம் கிடைத்துவிட்டது போல் இருந்தது. திரும்பும் வழியில் பேருந்தில், பின்கட்டு அறையை யார் எடுத்துக்கொள்வது என்றுகூடப் பேசிக்கொண்டோம்.

*

பத்திரம் எழுதுவதற்கு முன் ஒரு வழக்கறிஞரைப் பார்த்துவிடலாம் என்று போனோம். வயதானவர், நிதானமாகப் பேசுபவர். வீட்டைக் காப்பாற்ற என்ன வழி என்று கேட்டோம். "எதிலிருந்து?" என்று கேட்டார்.

பிறகு விளக்கினார். விவாகரத்தானால் மனைவிக்குப் பாதிச் சொத்து என்பது சினிமா பார்த்து நம் ஆட்கள் நம்புவது. இங்கிலாந்திலும் அமெரிக்காவின் சில மாநிலங்களிலும் பங்கிடும் முறைகள் உண்டு. இந்தியாவில் போர்த்துகீசியரின் சிவில் சட்டம் வழியாகக் கோவாவில் தம்பதியரின் சொத்து பொதுவாகிறது. மற்ற இடங்களில் பத்திரம் யார் பெயரில் இருக்கிறதோ வீடு அவருடையது. 1955-ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டத்தில் 27-ஆம் பிரிவு திருமணத்தையொட்டி இருவருக்கும் பொதுவாக வந்த சீர்வரிசைப் பொருள்களைப் பற்றித்தான் பேசுகிறது. கணவனின் அசையாச் சொத்தில் மனைவிக்கும் பங்கு தரும் ஒரு திருத்த மசோதா 2013-இல் மாநிலங்களவையில் நிறைவேறியது. மக்களவையில் நிறைவேறவில்லை, 2014-இல் அவை கலைந்தபோது அதுவும் காலாவதியாயிற்று.

"உங்க அண்ணிக்கு அந்த வீட்டுல பட்டா உரிமை கிடையாதும்மா. அதுலருந்து காப்பாத்த நீங்க ஒண்ணும் செய்ய வேண்டியதில்ல. சட்டம் ஏற்கெனவே காப்பாத்தி வச்சிருக்கு."

அவர் அதைப் பாராட்டாகச் சொல்லவில்லை.

அவருக்கு இருக்கும் உரிமைகள் வேறு என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். முதலாவது, ஜீவனாம்சம். 25-ஆம் பிரிவின்படி நீதிமன்றம் இருவரின் வருமானத்தையும் சொத்தையும் நடத்தையையும் பார்த்துத் தொகையை முடிவு செய்யும். தேவையென்றால் கணவனின் அசையாச் சொத்தின் மீதே அதற்குப் பொறுப்பை ஏற்றி வைக்கலாம். 2020-இல் ரஜ்னேஷ் எதிர் நேகா வழக்குக்குப் பிறகு, இரு தரப்பும் தங்கள் சொத்து விவரங்களைப் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்தாக வேண்டும்; ஒளிப்பது முன்போல் எளிதல்ல. இரண்டாவது, சீதனம். பெண்ணின் நகை பெண்ணுக்கே உரியது, அது கணவனிடம் ஒப்படைக்கப்பட்ட பொருள் மட்டுமே என்று 1985-இல் பிரதிபா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்த இருபத்திரண்டு பவுனுக்குக் கணக்கு உண்டு. மூன்றாவது, குடியிருக்கும் உரிமை. 2005-இல் இயற்றப்பட்டு 2006 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, பத்திரத்தில் பெயர் இருக்கிறதா இல்லையா என்று பார்ப்பதில்லை. சேர்ந்து வாழ்ந்த வீட்டில் மனைவி இருக்கலாம் என்கிறது. கொடுமை நடந்திருப்பதாக நீதிபதி கருதினால் அந்த வீட்டை விற்கவோ கைமாற்றவோ கூடாது என்று 19-ஆம் பிரிவின் கீழ்த் தடையும் விதிக்கலாம்.

எங்கள் பெயருக்கு மாற்றினால் என்ன ஆகும் என்று கேட்டோம்.

2006 டிசம்பரில் பத்ரா வழக்கில் வந்த தீர்ப்பு, மாமியார் பெயரில் உள்ள வீட்டில் மருமகளுக்கு உரிமை இல்லை என்றது. உறவினர் பெயரில் வீட்டை வைத்துக்கொள்ளும் யோசனைகளுக்கு அது பதினான்கு ஆண்டுகள் வேலியாக இருந்தது. 2020 அக்டோபரில் சதீஷ் சந்தர் அகுஜா வழக்கில் மூன்று நீதிபதிகள் அந்த வேலியைப் பிடுங்கிவிட்டார்கள். தவிர, 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்திலேயே, ஜீவனாம்சம் பெற உரிமையுள்ளவரைக் கருதும் 39-ஆம் பிரிவு இருக்கிறது. விலை கொடுக்காமல் தானமாகப் பெற்றவர்கள் அந்தப் பிரிவின் முன் நின்று தப்பிப்பது கடினம்.

"வழக்குல நீங்களும் ஒரு எதிர்மனுதாரரா நிப்பீங்க. உங்க அண்ணி எதிர்ல. அது உங்களுக்குச் சம்மதமான்னு மட்டும் யோசிச்சுட்டு வாங்க."

*

யோசிக்க மலைக்குப் போனோம். அண்ணி அப்போது தன் அக்கா வீட்டில் இருந்தார். களத்தில் பழம் பரப்பியிருந்தது. பார்த்துக்கொண்டிருந்தவர் பக்கத்துத் தோட்டத்துப் பாட்டி, மலையாளிப் பழங்குடியினர். சமவெளிக்காரர்கள் கேரளம் என்று நினைத்துக் குழம்பும் பெயர் அது. மலையை ஆள்பவர்கள் என்று அவர்கள் பொருள் சொல்கிறார்கள். காஞ்சிபுரத்திலிருந்து வந்த மூன்று சகோதரர்களில் பெரியண்ணன் சேர்வராயனிலும், நடுவண்ணன் பச்சைமலையிலும், சின்னண்ணன் கொல்லிமலையிலும் குடியேறியதாக அவர்களுடைய கதை. 1909-இல் வெளியான எட்கர் தர்ஸ்டனின் தொகுதிகளிலும் அது பதிவாகியிருக்கிறது. அண்ணன் தம்பிகள் மலைகளைப் பகிர்ந்துகொண்ட கதை. நாங்கள் கேட்ட வடிவத்தில் சகோதரிகள் வருவதில்லை.

அண்ணி எப்போது வருவார் என்று பாட்டி கேட்டார். சரியான பதில் சொல்லாமல் மழுப்பினோம். அவருக்குப் புரிந்துவிட்டது. தன் மகளைப் பற்றிச் சொன்னார். மகள் புருஷனை விட்டு வந்தபோது ஊர்ப் பெரியவர்கள் கூடிப் பேசினார்களாம். பரிசப் பணம் திரும்பப் போயிற்று. எட்டு வருஷம் அவள் வெட்டித் திருத்திய காட்டைப் பற்றி யாரும் பேசவில்லை. "அத யாரு கேக்கப் போறா கண்ணு?" என்றார். வருத்தமாகச் சொன்னதாகவும் தெரியவில்லை.

வேலிக்கு இந்தப்புறம் எங்கள் அண்ணிக்கு இந்து திருமணச் சட்டம். வேலிக்கு அந்தப்புறம் பாட்டியின் மகளுக்கு அது இல்லை. மத்திய அரசு தனியாக அறிவிக்கை வெளியிட்டாலொழிய, 1955-ஆம் ஆண்டின் திருமணச் சட்டமும் 1956-ஆம் ஆண்டின் வாரிசுரிமைச் சட்டமும் பட்டியல் பழங்குடியினருக்குப் பொருந்தா என்று அந்தச் சட்டங்களின் 2-ஆம் பிரிவே சொல்கிறது. அங்கே வழக்காறுதான் சட்டம். 2025 ஜூலையில் கோண்டு பழங்குடிக் குடும்பம் ஒன்றின் வழக்கில், பெண் என்பதற்காகப் பங்கை மறுப்பது சமத்துவத்துக்கு எதிரானது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் அது பிறந்த குடும்பத்துச் சொத்தைப் பற்றியது. புகுந்த வீட்டில் உழைத்ததற்கு அங்கும் கணக்கில்லை, இங்கும் கணக்கில்லை. வேலியின் இருபுறமும் ஒன்றுபோல் பொருந்துவது ஜீவனாம்சத்துக்கான குற்றவியல் நடைமுறைச் சட்டப் பிரிவும் (2024 ஜூலைக்குப் பிறகு அது நியாய சன்ஹிதாவுடன் வந்த புதிய நடைமுறைச் சட்டத்தின் 144-ஆம் பிரிவு), குடும்ப வன்முறைச் சட்டமும்தான். பாட்டியிடம் அவற்றைச் சொன்னோம். தலையாட்டிவிட்டு, வெயில் இறங்குகிறது, பழத்தைக் கூட்டிவிடலாம் என்றார். மூவரும் சேர்ந்து கூட்டினோம்.

*

அன்றிரவு அண்ணியின் நோட்டுகளைப் பார்த்தோம். பார்த்திருக்கக் கூடாதுதான். கூலிக் கணக்கு, உரக் கணக்கு, எத்தனை மூட்டை போயிற்று என்ற கணக்கு. 2007-ஆம் ஆண்டு நோட்டின் முதல் பக்கத்தில் நகைகளின் பட்டியல் இருந்தது, ஒவ்வொன்றின் எடையும் எதிரில். கிரயத்துக்குக் கொடுத்தது என்று மேலே எழுதியிருந்தார். பின்னாளில் சாட்சியாகும் என்று நினைத்து எழுதியதாகத் தோன்றவில்லை. எல்லாவற்றையும் எழுதுபவர், அதையும் எழுதியிருக்கிறார்.

எங்களுக்கு அப்போது ஒரு சொல் நினைவுக்கு வந்தது. யாழ்ப்பாணத்து எழுத்தாளர்களைப் படித்தவர்கள் முதுசம், சீதனம், தேடியதேட்டம் என்ற சொற்களைக் கடந்திருப்பார்கள். நாங்களும் கடந்துதான் போயிருந்தோம். தேசவழமை என்ற அந்த வழக்காற்றுச் சட்டத்தை 1706-1707 காலத்தில் டச்சு அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்தார். முன்னோரிடமிருந்து வருவது முதுசம். பெண்ணுக்குக் கொடுத்தனுப்புவது சீதனம். மணவாழ்வின்போது சேர்ப்பது தேடியதேட்டம். அது கணவனுக்கும் மனைவிக்கும் பொதுவானது. 1911-ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டமும் 1947-ஆம் ஆண்டின் திருத்தமும் அதன் வரையறையை மாற்றியிருக்கின்றன. அந்தச் சட்டத்தைப் போற்றிப் பாடவும் முடியாது. மனைவி தன் அசையாச் சொத்தை விற்கக் கணவனின் எழுத்து மூலமான சம்மதத்தைக் கேட்கும் சட்டமும் அதுவே. ஆனால் கடலுக்கு அந்தப் பக்கம் தமிழில் அதற்கு ஒரு சொல் இருந்திருக்கிறது. இருவர் சேர்ந்து தேடியது என்று ஒரு இனம், ஒரு தலைப்பு, முந்நூறு ஆண்டுகளாக. எங்கள் சார்பதிவாளர் அலுவலகத்துப் படிவங்களில் கிரயம் உண்டு, தானம் உண்டு, விடுதலை உண்டு, அடமானம் உண்டு. தேட்டம் இல்லை.

அந்தக் கண்ணோட்டத்தில் மாரமங்கலத்து வீட்டைப் பார்த்தபோது அது வேறுவிதமாகத் தெரிந்தது. அதில் அப்பாவின் உழைப்பு இருந்தது. நாங்கள் விட்டுக்கொடுத்த இரண்டு பங்கு இருந்தது. அண்ணனின் பங்கு இருந்தது. இருபத்திரண்டு பவுன் இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாகப் பதினைந்து வருஷத்துக் கூலி, எழுதப்படாத கூலி இருந்தது. பத்திரத்தில் மட்டும் ஒரு பெயர். அண்ணியின் பங்கை மறைக்க அந்த ஒரு பெயரின் மேல் எங்கள் இரண்டு பெயர்களையும் போர்த்தச் சொல்கிறார் அண்ணன். எங்களுக்கு நடந்த அநியாயத்தை அவருக்கு நடக்கும் அநியாயத்தால் ஈடுகட்டிக்கொள்ளச் சொல்கிறார்.

முடியாது என்று சொல்லிவிட்டோம்.

*

அண்ணன் ஒன்றரை வருடம் எங்களிடம் பேசவில்லை. கூடப் பிறந்தவர்களே துரோகம் செய்துவிட்டதாகச் சொந்தங்களிடம் சொன்னார். அவர் பக்கத்து வாதம் ஒன்றையும் இங்கே பதிவு செய்ய வேண்டும். "நாளைக்கு என்னைத் தெருவுல நிறுத்திட்டா?" என்று அவர் கேட்டார். அறுபதை நெருங்கும் மனிதர். வேறு வீடு கிடையாது. அந்தப் பயம் பொய்யல்ல. அதே பயம் அண்ணிக்கும் இருக்கும் என்பது மட்டும்தான் அவருக்குத் தோன்றவில்லை.

2023 ஜூன் மாதம் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி ஒரு தீர்ப்பளித்தார். கணவர் சவுதியில் வேலை பார்த்து அனுப்பிய பணத்தில் சொத்து வாங்கிய, நெய்வேலிக் குடும்பம் ஒன்றின் வழக்கு அது. வீட்டையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்ட மனைவியின் உழைப்பும் அந்தச் சம்பாத்தியத்துக்குப் பங்களித்ததுதான். அதை அங்கீகரிக்கத் தனிச் சட்டம் இல்லாவிட்டாலும் நீதிமன்றம் அங்கீகரிக்கத் தடை இல்லை என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். ஒரு தனி நீதிபதியின் தீர்ப்பு எல்லா வழக்குகளையும் மாற்றிவிடாது என்று எங்கள் வழக்கறிஞர் எச்சரித்தார். ஆனாலும் செய்தித்தாளில் வந்த பகுதியைக் கத்தரித்து, கடிதம் எதுவும் இணைக்காமல் அண்ணனுக்குத் தபாலில் அனுப்பினோம். அவர் அதைப் படித்தாரா என்று இன்றுவரை கேட்கவில்லை.

வழக்கு சேலம் குடும்ப நல நீதிமன்றத்துக்குப் போய்ச் சமரசப் பேச்சுக்கு அனுப்பப்பட்டது. அண்ணி தன் நோட்டுகளைத் துணிப்பையில் கொண்டுபோனாராம். ஓட்டு வீடு தனக்கு வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். நகைக்குக் கணக்கும், மிளகுக் கொடி உள்ள சரிவும் கேட்டார். பல அமர்வுகளுக்குப் பிறகு அண்ணன் ஒப்புக்கொண்டார். பரஸ்பர சம்மத மனுவுக்குரிய ஆறு மாதம் கழிந்து, 2024 இறுதியில் எல்லாம் முடிந்தது. சரிவில் பாதிக்குமேல் அண்ணி பெயரில் பதிவாயிற்று. நகைக்கு ஈடாக ஒரு தொகை மூன்று தவணையில்.

யாரும் வென்றதாகச் சொல்ல மாட்டோம். இப்போது அண்ணன் மேல் வீட்டில் தனியாகச் சமைத்துச் சாப்பிடுகிறார். அண்ணி சரிவின் அடியில் இரண்டு அறை எழுப்பியிருக்கிறார். களம் அண்ணன் பங்கில் போய்விட்டதால் பழத்தைத் தார்ப்பாயில் காயவைக்கிறார். சென்ற பறிப்பின்போது போயிருந்தோம். முதலில் மேலே போவதா கீழே போவதா என்று தயங்கிச் சாலையிலேயே கொஞ்ச நேரம் நின்றோம். கடைசியில் ஒருவர் மேலேயும் ஒருவர் கீழேயும் போனோம். கீழே பாட்டி உட்கார்ந்து பழம் பொறுக்கிக்கொண்டிருந்தார். அண்ணி புதிய நோட்டு ஒன்றைக் காட்டினார். கூலிக் கணக்கில் கடைசி வரியில் அவருடைய பெயரும் இருந்தது. மற்றவர்களுக்கு என்ன கூலியோ அதே தொகை.

2006-இல் நாங்கள் எழுதிக்கொடுத்த பங்கைப் பற்றி மட்டும் இதுவரை யாரும் பேசவில்லை. சட்டப்படி அது முடிந்துபோன விஷயம். நியாயப்படி முடிந்ததா, அண்ணனிடம் ஒருமுறையாவது அதைச் சொல்லிவிட வேண்டுமா என்பதில் எங்கள் இருவருக்கும் இன்னும் ஒருமித்த கருத்து ஏற்படவில்லை.